சண்டையே இல்லாத விஞ்ஞானக் கதை பதின்வயதுப் பிள்ளைக்குப் பிடிக்குமா?

கொக்குவில் சித்தி:
என் பெறாமகள் ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள், இங்கிலீசிலும் நல்லாக வாசிப்பாள். விண்கலச் சண்டை, உலக அழிவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் முடித்துவிட்டு, இப்போது "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு சித்தி" என்கிறாள். ஆரவாரம் இல்லாமல், ஆட்களின் மனதை வைத்தே நகர்கிற விஞ்ஞானக் கதை இந்த வயதுக்குச் சரிவருமா, இல்லை அலுத்துப்போகுமா?

பருத்தித்துறையான்:
சரிவரும் அக்கா. லோயிஸ் லோரி 1993இல் எழுதிய 'தி கிவர்' கொடுத்துப் பாருங்கோ. போரும் இல்லை, நிறமும் தெரியாது, அப்படி ஓர் ஊர். பன்னிரண்டு வயதில் யாருக்கு என்ன வேலை என்று பெரியவர்களே தீர்மானித்துவிடுவார்கள். கணிதமா உயிரியலா என்று வீடே கூடி முடிவெடுக்கிற இடத்தில் வளர்கிற பிள்ளைக்கு, கதையில் வருகிற பையனின் பயம் முதல் அத்தியாயத்திலேயே பிடிபடும்.

சுன்னாகம் ரீச்சர்:
மெதுவாகப் போனால் மட்டும் நல்ல கதை ஆகாது. எங்கள் உலகத்திலிருந்து கதையில் மாற்றி வைத்த அந்த ஒரு விஷயம் ஆளின் மனதைப் போய்த் தொடவேண்டும். இஷிகுரோவின் 'கிளாரா அண்ட் த சன்' (2021) பாருங்கள். பெரியவர்களுக்கான நாவல்தான், ஆனாலும் ஏ.எல். பிள்ளைகள் தாராளமாக வாசிக்கலாம். கிளாரா சூரிய ஒளியில் இயங்கும் இயந்திரத் தோழி. அதனாலேயே நோயாளிப் பிள்ளையையும் சூரியன் சுகப்படுத்தும் என்று நம்புகிறாள், அந்த நம்பிக்கைக்காக எதையும் கொடுக்கத் தயாராக இருக்கிறாள். இதைவிட விறுவிறுப்பு என்னத்துக்கு?

நல்லூர் வாசகன்:
பூமியிலிருந்து செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு சொல் போய்ச் சேர, கோள்கள் நிற்கிற இடத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் எடுக்கும். ஒளியின் வேகமே அவ்வளவுதான், அந்த நேரத்தை யாராலும் குறைக்க ஏலாது. இதையே கதையாக்கிப் பாருங்கோ: அங்கே வேலைக்குப் போன தாயிடம் மகள் "காய்ச்சலாக இருக்கு அம்மா" என்று சொல்கிறாள், தாயின் பதில் வந்து சேர முன்னமே நித்திரையாகிவிடுகிறாள். தாய் தகப்பன் கனடாவில் இருக்க, அம்மம்மாவோடு வைபர் அழைப்பில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. தமிழில் இப்படி எழுத ஆள் வேணும், அவளையே எழுதச் சொல்லுங்கோ.

கொக்குவில் சித்தி:
எல்லாருக்கும் நன்றி. முதலில் 'தி கிவர்', அப்புறம் கிளாரா. செவ்வாய்க் கதையையும் சொன்னேன், உடனே கொப்பி எடுத்துவிட்டாள். ஆனால் தாயை அனுப்பமாட்டாளாம், மகள்தான் போகிறாளாம், இங்கேயிருந்து கதைக்கிறது அம்மம்மாவாம்.