"வீ ஹேட் சென்ட்"னு எழுதினா பையர் ஏன் குழம்பறார்? மெயில் எழுத உதவி வேணும்

பனியன்நகர்:
வணக்கம். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில ஆறு மாசமா மெர்ச்சன்டைசரா, அதாவது பையரோட ஆர்டரைப் பார்த்துக்கற ஆளா இருக்கேன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். துணி, கலர், அளவு எல்லாம் கைக்கு வந்துருச்சு. பையருக்கு மெயில் எழுத உட்கார்ந்தாதான் கை ஓடமாட்டேங்குது.

போன வாரம் எழுதினது இது (லேப் டிப்னா கலர் சரியான்னு பார்க்க சாயம் போட்டு அனுப்பற சின்னத் துணித்துண்டு, டையிங்னா சாயம் போடறது):

"வீ ஹேட் சென்ட் த சாம்பிள் யெஸ்டர்டே. ப்ளீஸ் டெல் அஸ் வென் வில் யூ அப்ரூவ் த லேப் டிப். வென் வீ வில் கெட் யுவர் அப்ரூவல், வீ வில் ஸ்டார்ட் டையிங்."

சாம்பிள் திரும்பி வந்துருச்சா, என்ன ஆச்சுன்னு பையர் கேட்டு எழுதிட்டார். மேனேஜர் பிரிண்ட் எடுத்து மூணு இடத்துல சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்தார். காரணம் கேக்கறதுக்குள்ள போன் வந்துருச்சு. திருத்தி மட்டும் கொடுத்துடாதீங்க, ஏன்னு சொல்லுங்க. அடுத்த மெயில்ல நானே எழுதணும்.

நூல்கண்டு:
ஹேட் பக்கமே போகாதீங்க. யெஸ்டர்டே இருந்தா வெறும் "சென்ட்". எட்டு வருஷமா அப்படித்தான் எழுதறேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

கரும்பலகை:
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை நான். நூல்கண்டு சொன்ன திருத்தம் சரி, ஆனா ஹேட்டை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம்.

"நேத்து கோயிலுக்குப் போயிருந்தேன்"னு நாம சாதாரணமா சொல்றோம். போய்ட்டு வந்தாச்சு, அவ்வளவுதான் அர்த்தம். அந்த "இருந்தேன்" கையோட ஹேட்டா மாறி இங்கிலீஷ்ல போய் உட்கார்ந்துக்குது. அங்க ஹேட்னா கடந்த காலத்துல இன்னொரு சம்பவமும் இருக்கணும், இது அதுக்கும் முந்தினது. நீங்க ஹேட் போட்டதும் அடுத்து என்ன நடந்ததுன்னு பையர் எதிர்பார்த்திருக்கார். "உங்க மெயில் வந்தப்பவே சாம்பிள் அனுப்பியிருந்தோம்"னு சொல்லணும்னா அப்ப ஹேட் வேணும்: "வீ ஹேட் ஆல்ரெடி சென்ட் த சாம்பிள் வென் யுவர் மெயில் கேம்." மெயில் வந்தது ஒண்ணு, அதுக்கு முன்னாடி அனுப்பினது ஒண்ணு.

ரெண்டாவது வட்டம் வார்த்தை வரிசை. நேரா கேட்டா "வென் வில் யூ அப்ரூவ்?" சரி. முன்னாடி "டெல் அஸ்" வந்துட்டா அது உள்ளே அடங்கின கேள்வி, புரட்டக் கூடாது: "டெல் அஸ் வென் யூ வில் அப்ரூவ்." தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பாருங்க. "எப்ப அப்ரூவ் பண்ணுவீங்கன்னு சொல்லுங்க." அந்த "ன்னு" ஒட்டுச்சுன்னா யூ முதல்ல, வில் அப்புறம். "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி"ங்கற தப்பும் இதே கதைதான். "எங்க இருக்கார்னு தெரியல", அதனால "வேர் ஹி இஸ்".

மூணாவது இடத்துல வில் எடுத்துடுங்க. "வென் வீ கெட் யுவர் அப்ரூவல்."

பனியன்நகர்:
டீச்சர், இங்கதான் முட்டுது. ரெண்டு வாக்கியத்துலயும் வென் இருக்கு, ரெண்டும் இனிமே நடக்கப் போறது. ஒண்ணுல வில் இருக்கட்டும்கறீங்க, இன்னொண்ணுல எடுங்கறீங்க?

கரும்பலகை:
நல்ல கேள்வி தம்பி, நிறைய பேர் இதைக் கேக்காமலே விட்டுடறாங்க. இங்கிலீஷ்ல ஒரே வென். தமிழ்ல அது ரெண்டு. முதல் வென் "எப்ப". பதில் தெரியாம கேக்கறோம், அங்க வில் வரலாம். ரெண்டாவது வென் "கிடைக்கும்போது", "கிடைச்சதும்". அது கேள்வியே இல்லை, அடுத்த வேலைக்கு நேரம் குறிக்கற சொல். அங்க வில் வராது.

"கிடைச்சதும்"கறதைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அப்ரூவல் இன்னும் வரவே இல்லை, ஆனா சொல் இறந்த காலத்துல நிக்குது. "மழை வந்தா நனைஞ்சிடும்"லயும் அப்படித்தான். எதிர்காலம் பின்னாடி வர்ற "ஆரம்பிப்போம்"ல இருக்கு, முன்னாடி ரெண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. இங்கிலீஷ்லயும் வில் பின்பாதியில மட்டும். நாம இறந்த காலம் வைக்கற இடத்துல அவங்க நிகழ்காலம் வைக்கறாங்க. இஃப், ஆஃப்டர், பிஃபோர், அன்டில், அஸ் சூன் அஸ் எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

நூல்கண்டு:
இத்தனை வருஷத்துல இதை இப்பதான் புரிஞ்சுக்கறேன். நானும் ஒண்ணு கேக்கறேன். "டிடன்ட் ரிசீவ்ட்"னு எங்க ஜூனியர் எழுதறான், எப்படிப் புரிய வைக்கறது?

கரும்பலகை:
"வந்தது இல்லை"ன்னு சொல்ற இடமா அது? "வரவில்லை"தானே. "வர"ல காலமே கிடையாது. அதே மாதிரி டிட் காலத்தை எடுத்துக்கிட்டா ரிசீவ் வெறுமனே நிக்கும்.

பனியன்நகர்:
இன்னைக்கு அனுப்பப் போறது:

"வீ சென்ட் த சாம்பிள் யெஸ்டர்டே. ப்ளீஸ் டெல் அஸ் வென் யூ வில் அப்ரூவ் த லேப் டிப். அஸ் சூன் அஸ் வீ கெட் யுவர் அப்ரூவல், வீ வில் ஸ்டார்ட் டையிங். ஐ ஆம் ஹேண்ட்லிங் திஸ் ஆர்டர் சின்ஸ் சிக்ஸ் மந்த்ஸ்."

கரும்பலகை:
முதல் மூணு வரியும் சுத்தம். கடைசி வரி: "ஐ ஹேவ் பீன் ஹேண்ட்லிங் திஸ் ஆர்டர் ஃபார் சிக்ஸ் மந்த்ஸ்." "ஆறு மாசமா பார்க்கறேன்"னு தமிழ் நிகழ்காலத்துலயே முடிச்சுக்கும், இங்கிலீஷுக்கு ஹேவ் பீன் வேணும். ஆறு மாசம்னு அளவு சொன்னா ஃபார். ஜனவரியிலிருந்துன்னு தொடக்கம் சொன்னா சின்ஸ்.

பனியன்நகர்:
மாத்திட்டேன் டீச்சர். அனுப்பியாச்சு.