குப்பைமேனி சோப்பு வேர்க்கிறது, புள்ளி விழுகிறது. எங்கே தப்பு?

கடலோரக்காரி:
வணக்கம். மெல்ட் அண்ட் போர் சோப்புக்கு, அதாவது ஆயத்த சோப்புக் கட்டியை (பேஸ்) உருக்கி அச்சில் ஊற்றும் முறைக்கு, நான் புதிது. கிளியர் கிளிசரின் பேஸ் 500 கிராம் வாங்கி, பாத்திரத்தில் போட்டு நேராக அடுப்பில் உருக்கினேன். குப்பைமேனி இலைச்சாறு 50 மில்லி, தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கஸ்தூரி மஞ்சள் கொஞ்சம் சேர்த்தேன். சிலிகான் அச்சில் சூடாகவே ஊற்றி, சீக்கிரம் இறுகட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்தால் மேலெல்லாம் முத்து முத்தாக நீர், மஞ்சள் முழுக்க அடியில், முகப்பில் நுரைத் திட்டு. பத்தாம் நாள் கரும்புள்ளி. இருப்பது நாகப்பட்டினம், இங்கே மழைக்காலம். எதை மாற்ற வேண்டும்?

நுரைமணி:
கரும்புள்ளி பூஞ்சை. சுரண்டிவிட்டுத் தேய்க்காதீர்கள், அந்தக் கட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். காரணம் சாறு. பேஸ் என்பது ஏற்கெனவே முடிந்துபோன சோப்பு. அதில் உள்ள நீருக்கு ஏற்றபடிதான் எல்லாம் அளந்து சேர்த்திருப்பார்கள். 500 கிராமுக்கு 50 மில்லி சாறு என்றால் பத்தில் ஒரு பங்கு, அதுவும் இலைத்துணுக்கோடு. கெடாமல் என்ன செய்யும்? கட்டி மெத்தென்று ஆவதும் இதனால்தான். கற்றாழை, பப்பாளி, வெள்ளரி, பால், எதுவானாலும் இதே கதை.

குப்பைமேனி வேண்டுமென்றால் நிழலில் காயவைத்து, கையில் எடுத்தால் மொறுமொறுவென்று நொறுங்கும் பதத்தில் பொடித்து, மெல்லிய துணியில் சலியுங்கள். 500 கிராமுக்கு ஒன்றரை தேக்கரண்டி போதும். பொடியை நேரே கொட்டினால் கட்டி கட்டும். முதலில் ஒரு தேக்கரண்டி கிளிசரினில் குழைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயும் அதிகம். 500 கிராமுக்கு ஒரு தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். இந்த பேஸில் எண்ணெயைச் சோப்பாக மாற்றக் காரம் மிச்சமில்லை. கூடுதல் எண்ணெய் எண்ணெயாகவே நிற்கும், நுரையும் செத்துவிடும்.

வெப்பமானி:
நேரடி அடுப்பு வேண்டவே வேண்டாம். அடியில் பிடித்து மஞ்சளாகி, தீய்ந்த வாடை வரும், இழுத்தால் நூல் நூலாக வரும். பேஸை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, லேசாகக் கொதிக்கும் நீரின் மேல் இன்னொரு எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள். மேலே ஒரு தட்டு மூடினால் நீர் ஆவியாகாது. 65 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். மைக்ரோவேவ் என்றால் 30 விநாடி, ஒரு கிளறல், மறுபடி 30 விநாடி. கரண்டியால் மெதுவாகச் சுற்றினால் போதும். முட்டை அடிப்பதுபோல் அடித்தால் காற்று புகுந்து, நீங்கள் சொன்ன அந்த நுரைத் திட்டு வரும்.

மஞ்சள் அடியில் தங்கியது சூட்டோடு ஊற்றியதால். சூடான பேஸ் தண்ணீர்போல் இருக்கும், பொடி மிதக்காது. கிளறிக்கொண்டே 50 டிகிரிக்கு ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கவனித்துப் பாருங்கள்: கிளறலை நிறுத்தியதும் மேலே பால் ஆடைபோல ஒரு படலம் சுருங்கும். அந்தப் படலத்தை மறுபடி கலக்கிவிட்டு உடனே ஊற்றுங்கள். வாசனை எண்ணெயும் இந்தக் கட்டத்தில்தான், 500 கிராமுக்கு 5 கிராம். கிராம்பு, லவங்கப்பட்டை எண்ணெய் தோலை எரிக்கும், முதல் முயற்சியில் தவிர்த்துவிடுங்கள்.

ஊற்றியவுடன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஸ்பிரே பாட்டிலில் எடுத்து இரண்டு அழுத்து அழுத்தினால் குமிழி உடையும். தீப்பிடிக்கும் சரக்கு, அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளி வைத்துச் செய்யுங்கள். சானிடைசர் ஜெல் இதற்கு ஆகாது.

உப்புக்காற்று:
வேர்ப்பது கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நாகப்பட்டினத்து மழையில் இழுக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஃப்ரிட்ஜில் வைத்தது அதை இரட்டிப்பாக்கியது. குளிர்ந்த கட்டி வெளியே வந்ததும் ஐஸ் தண்ணீர் டம்ளர்போல வேர்க்கும். அறை வெப்பத்திலேயே 4 முதல் 6 மணி நேரம் விடுங்கள். அச்சிலிருந்து எடுத்ததும், கையுறை போட்டு, கிளிங் ஃபிலிமில் காற்று புகாமல் இறுக்கிச் சுற்றுங்கள். ஓரிரு மணி நேரம் மேசையில் வைத்து ரசித்தால்கூட வேர்க்கத் தொடங்கிவிடும். வேர்த்ததைத் துணியால் ஒற்றிவிட்டுத் தாராளமாகக் குளிக்கலாம். குறைவாக வேர்க்கும் பேஸ் என்றே தனியாக விற்கிறார்கள். கடலோரத்துக்கு அது நல்லது.

கடலோரக்காரி:
நன்றி. பொடி போட்டால் பச்சை நிறம் நிற்குமா? இரண்டு அடுக்காகவும் ஊற்ற ஆசை.

நுரைமணி:
நிற்காது. சோப்பின் காரத்தன்மையிலும் வெளிச்சத்திலும் இலைப்பச்சை சில வாரங்களில் பழுப்பாகும். பச்சையே வேண்டுமென்றால் சோப்புக்கான மைக்கா (மினுக்கும் நிறப்பொடி) கால் தேக்கரண்டி சேருங்கள். கேசரிப் பவுடர் வேண்டாம், ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஊறும்.

அடுக்குக்கு, முதல் அடுக்கு விரல் வைத்தால் ஒட்டாமல், ஆனால் உள்ளே இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆல்கஹால் தெளித்து, 50 டிகிரியில் அடுத்ததை ஊற்றுங்கள். முதலாவது முழுக்க ஆறிவிட்டால் பிற்பாடு பிஸ்கட்போல் இரண்டாகக் கழன்று வரும். அப்படி ஆறிவிட்டதென்றால் முள்கரண்டியால் மேற்பரப்பைக் கீறி, பிறகு தெளித்து ஊற்றிப் பாருங்கள். முதலில் 100 கிராமில் செய்து பார்த்துவிட்டு 500 கிராமுக்குப் போங்கள்.