1908இல் அச்சான தமிழ்ச் செய்யுள்கள்: ஆண்டை உறுதிசெய்வது எப்படி?

கேள்வி:
1908 ஜனவரி முதல் டிசம்பர் வரை அச்சான தமிழ்ச் செய்யுள்களுக்குப் பட்டியல் போடுகிறேன். பாரதியின் ‘சுதேச கீதங்கள்’ இருக்கிறது, சரி. ஆனால் சிந்து, கும்மி, பதிகம் எனச் சிறு நூல்கள் பலவற்றின் முகப்பில் ஆங்கில ஆண்டே இல்லை. ‘பிலவங்க’, ‘கீலக’ என்று அறுபதாண்டுச் சுழற்சியின் தமிழ் வருடப் பெயர்தான் இருக்கிறது. நெல்லைப் பக்கத்து நூல்களில் 1083, 1084 எனக் கொல்லம் ஆண்டு (கேரளத்திலும் தென் தமிழகத்திலும் வழங்கிய ஆண்டுக் கணக்கு). இவற்றை எப்படிப் பிரிப்பது?

பதில் 1:
பிலவங்க 1907 ஏப்ரலில் பிறந்து 1908 ஏப்ரலில் முடிகிறது, அதன்பின் கீலக. ஆகவே பிலவங்கவில் தை, மாசி, பங்குனி உங்களுக்கு வேண்டும். கீலகவில் சித்திரை முதல் கார்த்திகை வரை. மார்கழிதான் தொல்லை, பாதி டிசம்பர், பாதி ஜனவரி. நாள் தெரியாவிட்டால் பிலவங்க மார்கழிக்கு ‘1907–08’ என்றும் கீலக மார்கழிக்கு ‘1908–09’ என்றுமே போடுங்கள், ஊகித்து ஒரு பக்கம் தள்ளாதீர்கள். முகப்பு மங்கியிருந்தால் ‘பிலவ’ என்று படித்துவிடுவார்கள். அது 1901–02, ஆறு வருடம் பின்னே போய்விடும்.

கொல்லம் ஆண்டு நெல்லையில் ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரிக்குப் பின் 825ஐயும் கூட்டுங்கள். 1083 தை என்றால் 1908. 1083 ஐப்பசி என்றால் 1907.

பதில் 2:
1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் அச்சான நூல்கள் பதிவாகி, காலாண்டுப் பட்டியலாக அரசிதழோடு வந்தன. அச்சிட்ட இடம், வெளிவந்த நாள், பக்கம், படிகள், விலை எல்லாம் அதில் உண்டு. 1909 முதல் காலாண்டையும் கட்டாயம் பாருங்கள், வருடக் கடைசியில் வந்தவை பிந்திப் பதிவாகும். ‘இரண்டாம் பதிப்பு’ என்றிருந்தால் தனியே வையுங்கள். இரண்டு மூன்று தாள் துண்டுப் பிரசுரங்கள் பட்டியலுக்குள் வராமலே போயிருக்கலாம். புதுச்சேரி அன்று பிரெஞ்சு எல்லை, அங்கே இந்தச் சட்டம் செல்லவில்லை.

பதில் 3:
பாரதி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘சுதேச கீதங்கள்’ 1908 ஜனவரியில் வந்தது உண்மை, ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் 1908 அல்ல. 1907இலேயே வி. கிருஷ்ணசாமி ஐயர் மூன்று பாடல்களை அச்சிட்டு இலவசமாக வழங்கினார். ‘எந்தையும் தாயும்’ அதில் ஒன்று. நூல் ஒரு பதிவு, பாட்டு ஒரு பதிவு என்று இரண்டு நிரல் வைத்தால் குழப்பம் தீரும்.

பாரதி நடத்திய ‘இந்தியா’ வார இதழ் 1908 அக்டோபரில் புதுச்சேரிக்குப் போய்விட்டது. அதற்கு முந்திய இதழ்களுக்குச் சென்னை என்றும் பிந்தியவற்றுக்குப் புதுவை என்றும் இடம் குறியுங்கள். விஞ்ச் என்ற நெல்லைக் கலெக்டரும் வ.உ.சி.யும் பேசிக்கொள்வதாக அமைந்த பாரதி பாடல்கள், வ.உ.சி. கைதான 1908 நெல்லை நிகழ்ச்சியைப் பற்றியவை. அதற்காக அச்சான ஆண்டும் 1908 என்று எழுதிவிடக் கூடாது. இதழைக் கண்ணால் பார்த்துத் தேதி எடுக்க வேண்டும். பிற்காலத் தொகுப்புகளின் தலைப்புகளை நம்பித் தேடினால் கிடைக்காது, முதலடியை வைத்துத் தேடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. வ.உ.சி. சிறையில் எழுதிய செய்யுள்கள்? அவர் கைதானது 1908 மார்ச் 12தானே?

பதில் 3:
அவற்றுக்கு உங்கள் பட்டியலில் இடமில்லை. 1912 இறுதியில்தான் விடுதலையானார். ‘பாடல் திரட்டு’ 1915இல் வந்தது. வேண்டுமானால் ‘எழுதிய காலம்’ என்று மூன்றாவது நிரல் போட்டு அதில் ‘1908–12’ என்று குறியுங்கள்.