வெட்டுக் காலத்தில் விடாத தும்மல், தலைப்பாரம்: இது பீனிசந்தானா?

கேள்வி (முரசுமோட்டை)

வணக்கம். நான் இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களை அடுத்து வாழும் ஓர் ஆசிரியை. மூன்று ஆண்டுகளாக, காலபோக வெட்டு நடைபெறும் மாசியிலும், சோளகம் வீசும்போது சிறுபோகம் வெட்டப்படும் ஆவணியிலும், விடியற்காலையில் எழுந்தவுடன் பத்துப் பதினைந்து தும்மல் தொடர்ந்து வருகிறது. மூக்கால் தண்ணீர் போல் வடிகிறது. கண்ணும் அண்ணமும் கடிக்கின்றன. ஒரு கிழமைக்குப் பின் மூக்கு முற்றாக அடைத்து, குனிந்தால் நெற்றி பாரமாகிறது. அம்மா இதைப் பீனிசம் என்று சொல்லி, நொச்சி இலை போட்டு வேது பிடிக்கச் சொல்கிறார். மருந்துக் கடையில் தந்த சைலோமெற்றசோலின் துளிமருந்து முதலில் ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்தது. இப்போது நான்கு மாதங்களாக அது இல்லாமல் உறங்க முடியவில்லை. இரவில் இரண்டு தடவை எழுந்து விட வேண்டியிருக்கிறது. இரண்டு முறை நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளும் எடுத்தேன், பயனில்லை. நான் எங்கே பிழை விடுகிறேன் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (வவுனியா, தாதிய உத்தியோகத்தர்)

சகோதரி, முதலில் அந்தத் துளிமருந்தைப் பற்றிப் பேச வேண்டும். சைலோமெற்றசோலின், ஒட்சிமெற்றசோலின் ஆகியவை மூக்கின் உட்புறத்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி வழியைத் திறக்கின்றன. ஆனால் ஒரு கிழமைக்கு மேல் தொடர்ந்து பாவித்தால், மருந்தின் வேகம் குறைந்ததும் அதே குழாய்கள் முன்னிலும் அதிகமாக வீங்கி, அந்த வீக்கத்துக்கு மீண்டும் அதே மருந்தைத் தேட வைக்கின்றன. இன்று உங்கள் மூக்கை அடைத்து வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்த மருந்துக்கே உரியது என்று நான் நினைக்கிறேன். அதை நிறுத்தத்தான் வேண்டும். முதல் சில நாட்கள் கடினமாக இருக்கும். ஆகவே ஒரு வைத்தியரிடம் நான்கு மாதக் கதையையும் மறைக்காமல் சொல்லி, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் மூக்குத் தெளிமருந்தை, அதாவது பெக்லோமெதசோன், புளூற்றிக்கசோன், மொமெற்றசோன் போன்ற ஒன்றை, எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கடி, தும்மல், தெளிந்த நீர் ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள். பீனிசம் என்று நாம் சொல்லும் எலும்பறை அழற்சியில், அதாவது மூக்கைச் சுற்றிய முக எலும்புகளுக்குள் உள்ள காற்றறைகள் வீங்கும் நோயில், சளி தடித்து நிறம் மாறும், கன்னமும் நெற்றியும் நோகும், மணம் தெரியாமல் போகும். ஒவ்வாமையால் மூக்கு வீங்கும்போது அந்த எலும்பறைகளின் சிறிய வாசல்கள் அடைபடுவதால் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடலாம். அம்மா சொல்வது முற்றிலும் பிழையல்ல. ஆனால் ஒவ்வாமைக்கு நுண்ணுயிர்க்கொல்லி எதுவும் செய்யாது. பத்து நாட்களைத் தாண்டியும் குறையாத சளி, அல்லது சற்றுக் குறைந்து திரும்பவும் மோசமாகும் காய்ச்சலும் முகநோவும் இருந்தால்தான் அதைப் பற்றி வைத்தியர் யோசிப்பார்.

தெளிமருந்து துளிமருந்தைப் போல உடனே வேலை செய்யாது. முழுப் பயன் தெரிய இரண்டு கிழமைகள் வரை செல்லலாம். எனவே வெட்டு மெசின் வயலில் இறங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்கி, காலம் முடியும் வரை நாள்தோறும் பாவியுங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடப்பக்கத் துவாரத்திலும் இடக்கையால் வலப்பக்கத் துவாரத்திலும், நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கம் நோக்கி அடித்து, மெதுவாக மூச்சை இழுங்கள்.

மறுமொழி 2 (முத்தையன்கட்டு)

பிள்ளை, நான் நாற்பது வருடமாக நெல் விதைக்கிறேன். கதிர் வெட்டும்போது கிளம்பும் சுணை எங்களைப் போன்ற வயற்காரரையே திணறடிக்கும். காற்றடிக்கும் பக்கத்து யன்னல்களை வெட்டு நடக்கும் நாட்களில் சாத்தி வையுங்கள். வெளியே போய் வந்தால் உடுப்பை முற்றத்திலேயே மாற்றி, தலையையும் கழுவுங்கள். உடுப்பையும் தலையணை உறையையும் வெளியே கொடியில் காயப் போடாதீர்கள். சுணை அதில்தான் வந்து படியும். எனக்குத் தும்மலுக்கு முன்பு குளோர்பெனிரமின் குளிசை தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் உழவு இயந்திரத்தில் ஏறியபோது கண் சொருகி, வாய்க்கால் கரையில் போய் நின்றேன். இப்போது நித்திரை குறைவாக வரும் செற்றிரிசினை இரவில் எடுக்கிறேன்.

மறுமொழி 3 (செட்டிகுளம்)

வெட்டு முடிந்த பின்னும் தும்மல் நிற்கவில்லை என்றால் வீட்டு வேலியோரத்தைப் பாருங்கள். கரட் இலை போன்ற இலையும் சிறிய வெள்ளைப் பூவும் கொண்ட பார்த்தீனியம் அங்கு நிற்கலாம். அமெரிக்க வெப்ப வலயத்திலிருந்து பரவிய இந்தக் களை இலங்கையில் முதன்முதலில் 1999இல் வவுனியாவில் கண்டறியப்பட்டது. அதன் மகரந்தம் மூக்குக்கும், செடி தோலுக்கும் ஆகாது. சிலருக்குத் தொய்வையும் (ஆஸ்துமா) கிளப்பும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தருவதால், பூக்க முன்னர், மழை பெய்து நிலம் இளகியிருக்கும்போது, கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேருடன் பிடுங்க வேண்டும். ஒவ்வாமை உள்ள நீங்கள் பிடுங்காதீர்கள், வேறு எவரையாவது கேளுங்கள்.

கேட்டவர்

உங்கள் மூவருக்கும் மிகுந்த நன்றி. கிணற்றடி வேலியோரம் அந்தச் செடி நிற்கிறது. அண்ணா நாளை பிடுங்குகிறார். இன்னும் ஒன்று: உப்பு நீரால் மூக்கைக் கழுவலாம் என்கிறார்கள். எங்கள் கிணற்று நீர் போதுமா? வேதையும் விட்டுவிட வேண்டுமா?

மறுமொழி 1 (வவுனியா)

கிணற்று நீரை அப்படியே ஒருபோதும் மூக்கில் விடாதீர்கள்; மிக அரிதாக என்றாலும் மூளையைத் தாக்கும் அமீபா அவ்வழியே புகுந்து உயிரைப் பறிக்கக்கூடும். நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய அரை லீற்றருக்குச் சற்றுக் கூடிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, அன்றன்று புதிதாகச் செய்து, தெளிமருந்துக்கு முன் கழுவுங்கள். வேது சற்று நேர ஆறுதலைத் தரும், நோயை மாற்றாது. நொச்சி போட்டுப் பிடிப்பதை நான் தடுக்கமாட்டேன், ஆனால் கொதிநீர்ப் பானைக்கு அருகில் சிறு பிள்ளைகளை விடாதீர்கள்.

கண்ணைச் சுற்றி வீக்கமோ, பார்வை இரட்டிப்பதோ, கழுத்து விறைப்புடன் கடும் தலையிடியோ ஏற்பட்டால் இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் விசில் போன்ற ஒலி கேட்டால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.