எல்லாம் இருக்கிறது, உள்ளே மட்டும் காலி

வயது 41. நிலையான வேலை, கடன் இல்லை, வீட்டில் சண்டை சச்சரவும் இல்லை. ஆனாலும் ஒன்றரை வருடமாக மனசுக்குள் ஒரு வெறுமை. சோகம் என்று சொல்ல முடியாது. தூக்கமும் பசியும் சரியாகத்தான் இருக்கின்றன. வேலை நாட்களில் தெரியாது. ஞாயிறு மதியம், செய்ய எதுவும் இல்லாத அந்த மூன்று மணி நேரம்தான் ஆட்டிவைக்கும். 'இதெல்லாம் எதற்கு?' என்ற ஒரே கேள்வி.

உடம்புக் கோளாறோ என்று தைராய்டு, பி12 பார்த்தேன், குறை இல்லை. மனநல மருத்துவரும் இது மனச்சோர்வு நோய் இல்லை என்றுவிட்டார். அப்புறம் 10 நாள் விபாசனா முகாம். பேச்சு கிடையாது, போன் கிடையாது, தினமும் பத்து மணி நேரம் தியானம். திரும்பியதும் மூன்று வாரம் மனசு லேசாக இருந்தது. நான்காவது வாரம் பழைய கதைதான். பிரார்த்தனையும் செய்கிறேன், வாய் சொற்களைச் சொல்கிறது, மனசு அலுவலக மெயிலை எண்ணுகிறது.

வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கிள் இந்த ஞாயிற்றுக்கிழமை வெறுமையைப் பற்றியே எழுதியிருக்கிறார் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். அர்த்தம் கிடைக்க அவர் சொன்ன வழிகள் மூன்று: ஒன்றைப் படைப்பது, ஆழ்ந்து நேசிப்பது, தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம். முதல் வழிக்காக எட்டு மாதமாகத் தச்சு வேலை கற்கிறேன். இரண்டு ஸ்டூல் தேறியது (ஒன்று ஆடும்). கேள்வி அப்படியே நிற்கிறது.

'டூர் போங்க' வேண்டாம், போயாச்சு.

இதே கட்டத்தைத் தாண்டியவர்களிடம் கேட்கிறேன்: ஆரம்ப உற்சாகம் வடிந்து ஆறு மாதம் ஆன பிறகும் உங்களைத் தாங்கிய ஒரு பழக்கம் எது?