எழுத்தாளரை நேரில் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

கொட்டகலைவாசி:
ஹட்டன் பக்கம் பாடசாலைப் புத்தகக் கண்காட்சி. அரச இலக்கிய விருது வாங்கிய நம்ம ஆள் ஒருவர் (பெயர் வேண்டாம்) தன் புத்தகங்களைத் தானே மேசையில் பரப்பி உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாழ்க்கையை நாவலாக எழுதியவர், சிறுவர் கதையும் எழுதுவார். நாவலை யாரும் தொடவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் நின்றபடியே முயல் கதையைப் பாதி வாசித்துவிட்டாள். அவள் அம்மா மலையிலிருந்து நேரே வந்திருப்பார் போல, விரலெல்லாம் கொழுந்துக் கறை. அன்று அரைப்பேர்தான் (பாதி நாள் கூலி) கிடைத்திருக்கும். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இது புலமைப்பரிசிலுக்கு வருமா சேர்?" என்றார், ஐந்தாம் வகுப்புப் பரீட்சையை நினைத்து.

எழுத்தாளர் பிள்ளையைப் பார்த்தார். "வரும்மா, கட்டாயம் வரும்."

அம்மா காசை எண்ணிக் கொடுத்தார். முயல் கதை எந்தப் பேப்பரில் வரும்? எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

பதுளைப்பிள்ளை:
அதில் என்ன பொய்? கதை வாசிக்கிற பிள்ளைக்குத்தான் கேள்வியே விளங்கும். அந்த அம்மாவிடம் இலக்கியம் பேசியிருந்தால் வாங்கியிருப்பாரா? நான் பார்த்தவர் வேறு ரகம். பரிசளிப்பு விழாவில் "சிறுவர் எழுத்தாளர்" என்று அறிவித்ததும் மைக்கைப் பிடித்து, "நான் பெரியவர்களுக்கும் எழுதுகிறேன்" என்று திருத்தினார். முன்வரிசையில் அவர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை அவர் பார்க்கவே இல்லை. அதைவிட அந்தப் பொய் எவ்வளவோ மேல்.

கொட்டகலைவாசி:
மேலோ கீழோ, அரைநாள் சம்பளம் தம்பி அது.

மடுல்சீமை மாமா:
நான் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விருது சோறு போடாது. மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர், அவருக்கு 2013 இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். அவரும் கொழும்பில் கணக்கு வேலை பார்த்துத்தான் குடும்பம் நடத்தினார். ஆகவே எழுதுகிற பிள்ளைகள் கேளுங்கள். முதலில் தேசிய நூலகத்தில் புத்தகத்துக்கான அடையாள எண், அந்த ஐஎஸ்பிஎன் இலக்கம் எடுங்கள். ஒரேயடியாக ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்காதீர்கள், முந்நூறு போதும். சிறுவர் புத்தகத்துக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும், லயத்து வெளிச்சத்தில் வாசிக்க வேண்டுமே. நாவலையும் அதையும் ஒரே மேசையில் போடாதீர்கள். அப்புறம், தோட்டப் பக்கம் விற்பதானால் பத்தாம் திகதி சம்பளத்துக்கு அடுத்து வருகிற ஞாயிறு. இருபதுக்குப் பிறகு போனால் பார்ப்பார்கள், வாங்க மாட்டார்கள்.