சைவ அம்மாவை காஸ்ட்ரோபப்புக்கு அழைத்துப் போகலாமா? (விஸ்கான்சின், சின்ன ஊர்)

கொல்லிமலைத்தேன்:
மேடிசன் பக்கம் இருக்கிறேன். சேலத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை மினரல் பாயின்ட் போய் ஒரு ராத்திரி தங்குவதாகத் திட்டம், ஒரு மணி நேர ஓட்டம்தான். 1830களில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து ஈயச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் கட்டிய கல் வீடுகள் இன்னும் நிற்கிற ஊர், அப்பாவுக்குப் பழைய கட்டடத்தைக் காட்டிவிட்டால் பசி தாகம் தெரியாது, அதனால் பகல் பொழுது பற்றிக் கவலை இல்லை. ராத்திரிச் சாப்பாடுதான் பிரச்சினை.

அங்கே ஒரு குட்டி காஸ்ட்ரோபப், அதாவது மதுவோடு நல்ல சாப்பாடும் போடுகிற பப், இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மேசை, நீளமான மரக் கவுன்ட்டர், மஞ்சள் வெளிச்சம். போன வருஷம் நானும் மனைவியும் போனோம், ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். அப்பா மீன், கோழி சாப்பிடுவார், மாடும் பன்றியும் கிடையாது. கூட 9 வயசு மகள். "பப்" என்று சொன்னதுமே அம்மா "சாராயக் கடைக்காடா கூட்டிட்டுப் போற, பேத்தியையும் வச்சுக்கிட்டு?" என்று கேட்டுவிட்டார். குழந்தையை உள்ளே விடுவார்களா? அம்மாவுக்கு அங்கே என்ன இருக்கும்? அப்புறம் டிப்ஸ், போன தடவை 10 சதவீதம் வைத்துவிட்டு வந்தோம், பரிமாறிய பெண் முகம் சரியில்லை.

ஏரிக்கரை_பாண்டி:
தாராளமாகப் போகலாம். பெயரில்தான் பப், நடப்பில் அது சாப்பாட்டுக் கடை. 1991இல் லண்டன் கிளார்க்கன்வெல்லில் "தி ஈகிள்" என்ற பப்பை எடுத்து நடத்திய இரண்டு பேர், பியரோடு நல்ல சமையலும் போட ஆரம்பித்தபோது புழக்கத்துக்கு வந்த பெயர் இது. அமெரிக்காவுக்கு அப்புறம் வந்தது, இப்போது ரெண்டாயிரம் பேர் இருக்கிற ஊரில்கூட ஒன்று இருக்கிறது. விஸ்கான்சினில் அப்பா அம்மாவோடு வருகிற பிள்ளைகளுக்குத் தடை இல்லை, ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், பாதி மேசையில் குழந்தைகள் கலர் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை என்று சொன்னீர்களே, உங்கள் அப்பா கொடுத்து வைத்தவர். அன்றைக்கு அந்த மாநிலம் முழுக்க ஃபிஷ் ஃப்ரை. காட், பெர்ச், கிடைத்தால் வாலாய் மீன், மாவில் தோய்த்துப் பொரித்தது, கூடவே ரை ரொட்டி, கோல்ஸ்லா என்கிற முட்டைக்கோஸ் சாலட், சில இடத்தில் உருளைக்கிழங்கு அடை. கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பார்கள், அதில் பிறந்த பழக்கம். கூட்டம் அள்ளும், ஐந்தரைக்கே போய்விடுங்கள். நம்ம ஊர் மாதிரி எட்டரைக்குக் கிளம்பிப் போனால் கிச்சனை மூடிக்கொண்டிருப்பார்கள். அப்பா ஒரு பெக் சாப்பிடுவதாக இருந்தால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள், நரைத்த தலை என்று பார்க்காமல் 21 ஆகிவிட்டதா என்று அட்டை கேட்கிறவர்களும் உண்டு.

வெந்தயக்குழம்பு:
அம்மா விஷயத்தில் பாண்டி சார் சொல்வது போல் சுலபம் இல்லை. என் மகன் காலேஜ் படிக்கும்போது இந்த மாதிரி ஒரு இடத்தின் கிச்சனில் இரண்டு வருஷம் வேலை பார்த்தான், அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். மெனுவில் காய்கறி மாதிரி தெரிவதை நம்பாதீர்கள். ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் (குட்டி முட்டைக்கோஸ்) என்று போட்டிருக்கும், வந்து பார்த்தால் பாதி பேக்கன், பன்றி இறைச்சி. தக்காளி சூப், பியர் சீஸ் சூப் எல்லாம் கோழி ஸ்டாக்கில், அதாவது கோழி எலும்பு வேகவைத்த சாற்றில், செய்வார்கள். பிரெஞ்சு ஆனியன் சூப் மாட்டெலும்புச் சாறு. சீசர் சாலட் ட்ரெஸ்ஸிங்கில் நெத்திலி. உருளைக்கிழங்கு ஃப்ரைஸை வாத்துக் கொழுப்பில் பொரித்தால் அதைப் பெருமையாக எழுதியே வைத்திருப்பார்கள், எழுதாத இடத்தில் மீன் பொரித்த அதே எண்ணெய். வெள்ளிக்கிழமை வேறு!

சைவ பர்கர் இருக்கிறதே என்பார்கள். பிளாக் பீன் பேட்டியில் பிடிமானத்துக்கு முட்டை சேர்க்கிறவர்கள் நிறைய, பன் பிரியோஷ் என்றால் அதிலும் முட்டை, மேலே தடவுகிற அயோலி என்கிற பூண்டு மயோனைஸ் முட்டையேதான். பொரித்த சீஸ் கர்ட் (புதுச் சீஸ் துண்டுகள்) கேட்டால் அந்த மாவில் பியர் கலந்திருக்கும். உங்கள் அம்மா அதற்கு என்ன சொல்வார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வழி ஒன்றுதான், மதியம் மூன்று மணி வாக்கில், கடை ஈயாடுகிற நேரத்தில் போன் போட்டுக் கேளுங்கள். சின்ன ஊரில் போனை எடுக்கிறவரே சமையல்காரராக இருப்பார். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், இறைச்சி, மீன், முட்டை, ஸ்டாக் எதுவும் ஆகாது என்று பிரித்துச் சொல்லுங்கள். சவர்டோவில், அதாவது புளித்த மாவு ரொட்டியில், க்ரில்டு சீஸ் சாண்ட்விச் எங்கேயும் போட்டுத் தருவார்கள்.

ஒன்வே_டிக்கெட்:
எதுக்கு இவ்வளவு பாடு, தயிர் சாதம் கட்டிக் கொடுத்து ரூமிலேயே அம்மாவைச் சாப்பிட வைத்துவிட்டு நீங்கள் போய் வரலாமே.

வெந்தயக்குழம்பு:
அவ்வளவு தூரம் வந்த அம்மாவை ரூமில் பூட்டி வைப்பதா? நல்லா இருக்கு.

ஏரிக்கரை_பாண்டி:
டிப்ஸ் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. 20 சதவீதம் வையுங்கள், வரிக்கு முந்தின தொகைக்கு. விஸ்கான்சினில் டிப்ஸ் வாங்குகிற வேலைக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.33 டாலர்தான், அந்தப் பெண் வீட்டு வாடகை உங்கள் மேசையிலிருந்துதான் போகிறது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது, முதலாளி கொடுக்க வேண்டியதை நாம் கொடுக்கிறோம். ஆனால் அந்தக் கோபத்தை அவளிடம் காட்டி என்ன ஆகப் போகிறது.

கொல்லிமலைத்தேன்:
போய்விட்டு வந்தாச்சு. போனில் கேட்டது ரொம்ப உதவியாக இருந்தது, எடுத்தவர் நிஜமாகவே சமையல்காரர். அம்மாவுக்குத் தனித் தோசைக்கல்லில்லாத குறைதான், தனி வாணலியில் க்ரில்டு சீஸும் வதக்கிய காளானும் வந்தது. அதைவிட விசேஷம், பொரிக்காத சீஸ் கர்ட் ஒரு கிண்ணம், அன்று காலையில் வந்ததாம். அம்மா ஒன்றை வாயில் போட்டதும் பல்லில் கீச்சென்று சத்தம். திடுக்கிட்டு நிறுத்திவிட்டு மறுபடி மென்றார், மறுபடி கீச். "பன்னீருக்கு யாருடா பேசக் கத்துக் கொடுத்தது?" மகளும் அவரும் மாற்றி மாற்றிக் கடித்துச் சத்தம் வரவைத்துக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தார்கள். கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுத்துப் பாலைத் திரிய வைக்கிற ரென்னட் இல்லை என்று பாக்கெட்டையே கொண்டுவந்து காட்டினார்கள், நாங்கள் கேட்கக்கூட இல்லை.

அப்பா வாலாய் மீனை முள் இல்லாத விரால் என்றார். அந்த ஊர் வழக்கப்படி பிராந்தி ஓல்ட் ஃபேஷண்டு என்கிற காக்டெயில் ஒன்று வாங்கிக்கொண்டார், ஆரஞ்சுத் துண்டும் செர்ரியும் மிதக்க, மேலே செவன் அப் ஊற்றி வருவது. "என்னங்க அது, பழ ஜூஸா?" என்று அம்மா கேட்க, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு செர்ரியை மட்டும் எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தார். பேத்தி அதற்குக் கை நீட்டியபோதுதான் அப்பா முகம் மாறியது.